ஓணானின் ஆட்புல நடத்தை

ஓணானின் ஆட்புல நடத்தை என்பது, ஆண் ஓணான் இனப்பெருக்கக் காலத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தனதாகக் கொண்டு, தன்னினத்தைச் சேர்ந்த பிற ஆண்கள் அங்கு நிலைகொள்ளாதவாறு காத்துக்கொள்ளும் செயல்களைக் குறிக்கும். தலையை மேலும் கீழும் ஆட்டுதல், முன்கால்களை ஊன்றி உடலை உயர்த்தித் தாழ்த்துதல், தொண்டையை விரித்தல், நிறம் மாறுதல், துரத்துதல், கடித்தல் ஆகியன இவற்றுள் அடங்கும். இவற்றுள் கடித்தல் மிக அரிதாகவே நிகழ்கிறது. சண்டையிடாமலேயே இடத்தைக் காத்துக்கொள்வதுதான் இந்நடத்தையின் மையம் எனலாம்.

இக்கட்டுரை பெரும்பாலும் தமிழ்நாட்டில் எங்கும் காணப்படும் தோட்ட ஓணானைப் (கலோட்டெஸ் வெர்சிகலர்) பற்றியது. ஒப்பீட்டுக்காகப் பிற ஓணான்களும் பல்லிகளும் குறிப்பிடப்படுகின்றன.

சொல்லும் பொருளும்

ஒரு விலங்கு உணவு, நிழல், துணை ஆகியவற்றைத் தேடித் திரியும் மொத்தப் பரப்பு அதன் நடமாட்டப் பரப்பு ஆகும். அப்பரப்பில் பிறர் வராதபடி அது காக்கும் பகுதி மட்டுமே ஆட்புலம் எனப்படும். அமெரிக்க விலங்கியலாளர் கிளாட்வின் கிங்சுலி நோபிள் 1939 ஆம் ஆண்டில், காக்கப்படும் எந்த இடமும் ஆட்புலமே என்று சுருக்கமாக வரையறுத்தார். அவ்வரையறை இன்றும் பாடநூல்களில் வழங்குகிறது. தமிழில் இதற்கு ஆட்சி எல்லை, ஆள்நிலம், எல்லைப் பரப்பு எனப் பல சொற்கள் புழங்குகின்றன. 'எல்லை' என்றால் ஒரு கோடு என்ற எண்ணம் ஏற்படுவதாலும், ஓணான் காப்பது கோட்டையன்றி இடத்தை என்பதாலும், இங்கு 'ஆட்புலம்' என்னும் சொல் பயன்படுத்தப்படுகிறது.

இவ்விரு கருத்துகளுக்கும் உள்ள வேறுபாட்டை உடும்பைக் கொண்டு விளக்கலாம். உடும்பு இரை தேடி நெடுந்தொலைவு திரிவது. ஒன்றின் நடமாட்டப் பரப்பு மற்றொன்றினுடையதன் மீது படிந்திருக்கும். ஆண் உடும்புகள் பின்கால்களில் நிமிர்ந்து நின்று ஒன்றையொன்று கட்டிப் பிடித்து மல்லுக்கு நிற்பதுண்டு. எனினும் அது ஒரு குறித்த நிலத்தைக் காப்பதற்கான போர் அன்று. ஓணானோ ஒரே இடத்தில் அமர்ந்து, கண்ணில் படும் பூச்சியை ஓடிப் பிடித்துவிட்டு மீண்டும் அதே இடத்திற்குத் திரும்பும் இயல்புடையது. இவ்வாறு வாழும் விலங்கினால்தான் தன் இடம் முழுவதையும் ஒரு மேட்டிலிருந்து கண்காணிக்க இயலும்.

'ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி' என்னும் பழமொழி, இரு கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிக்கொள்வதைக் கேலி செய்வதற்குக் கூறப்படுவது. ஆயினும் அதற்குள் ஒரு நல்ல இயற்கைக் கவனிப்பு அடங்கியுள்ளது. நாள்தோறும் அதே வேலியில் அதே ஓணான் இருந்திராவிட்டால் இப்பழமொழி பிறந்திருக்காது.

நெமிலிச்சேரிச் சூழல்

நெமிலிச்சேரி, சென்னைக்கு மேற்கே ஆவடியை அடுத்து அமைந்துள்ள புறநகர்ப் பகுதியாகும். சென்னை - அரக்கோணம் தொடர்வண்டிப் பாதையில் பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே இதன் நிலையம் உள்ளது. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை இவ்வழியே செல்கிறது. அச்சாலையின் வண்டலூர் - நெமிலிச்சேரிப் பகுதி 2014 ஆம் ஆண்டிலும், நெமிலிச்சேரி - மீஞ்சூர்ப் பகுதி 2021 ஆம் ஆண்டிலும் போக்குவரத்திற்குத் திறக்கப்பட்டன.

வயலும் முட்புதரும் வீட்டுமனைகளாக மாறிவரும் இத்தகைய பகுதிகள், ஓணானின் நடத்தையைக் காண விரும்புவோருக்கு வாய்ப்பானவை. ஓணானுக்கு மூன்று தேவைகள் உண்டு: வெயில் காயவும் சுற்றும் முற்றும் நோக்கவும் ஏற்ற ஓர் உயரமான இருக்கை, ஒளிந்துகொள்ள அருகில் புதர், முட்டையிடுவதற்குப் பெண் ஓணான் தோண்டத்தக்க மண். சீமைக்கருவேல மரமும், கம்பிவேலியின் கல்தூணும், கட்டி முடிக்கப்படாத சுவரின் செங்கல் அடுக்கும் முதல் தேவையை நிறைவு செய்கின்றன. மனை அளப்போர் நட்டுச் செல்லும் எல்லைக் கல்லின் மீதும் ஓணான் அமர்ந்து தலையாட்டுவதைக் காணலாம். மனைக்குரியவர் ஒருவர், ஆட்புலத்துக்குரியவர் வேறொருவர்.

சைகைகள்

ஓணானின் சைகைகள் ஒரு படிநிலையில் அமைந்தவை. எளிதானதும் செலவு குறைந்ததும் முதலில் வரும். இடர் மிகுந்தது இறுதியில் வரும்.

முதல் நிலை, இருக்கையில் வெளிப்படையாக அமர்ந்திருத்தலே ஆகும். அருகில் எவரும் இல்லாதபோதும் ஆண் ஓணான் அவ்வப்போது தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். இதனை ஒரு பொது அறிவிப்பு எனக் கொள்ளலாம். நாம் அருகில் செல்லும்போது அது தலையாட்டினால் அது நம்மைக் கேலி செய்வதாகச் சிறுவர்கள் கருதுவர். பெரும்பாலும் அவ்வறிவிப்பு, நமக்குத் தெரியாத மற்றோர் ஓணானுக்கு உரியது.

வேறோர் ஆண் தென்படும்போது சைகை மாறுகிறது. முன்கால்களை நிமிர்த்தி உடலை மேலே தூக்கித் தாழ்த்தும். இது உடற்பயிற்சியில் தண்டால் எடுப்பதை ஒத்திருக்கும். தொண்டைத் தோல் கீழ்நோக்கி விரியும். உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, அகன்ற பக்கத்தை எதிரிக்குக் காட்டும். முதுகின் முள் வரிசை உயர்ந்து நிற்கும். இவை அனைத்தும் விலங்கினை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டுபவை. ஓணான்களில் உடற்பருமனே பெரும்பாலும் வெற்றியை முடிவு செய்வதால், எதிரி தன்னைவிடப் பெரியதா என்பதைக் கடிபடாமலேயே அறிந்துகொள்ள இச்சைகைகள் இரு தரப்பினருக்கும் உதவுகின்றன. தோற்கப்போகும் ஓணானுக்கும் இதில் நன்மை உண்டு என்பது கவனிக்கத்தக்கது. இல்லாவிடில் அது சைகையைப் பொருட்படுத்த வேண்டிய தேவையே எழாது.

இரண்டும் ஏறத்தாழச் சம அளவினவாக இருந்தால் மட்டுமே அடுத்த நிலைகள் வருகின்றன: துரத்தல், பின்கால்களில் எழுந்து மோதுதல், தாடையைக் கவ்வுதல். தோற்ற ஓணானின் நிறம் சிறிது நேரத்திலேயே மங்கிப் பழுப்பாகிவிடும். இது சரணடைதலுக்கு ஒப்பானது. மங்கிய ஓணானை வென்றது பெரும்பாலும் தொடர்ந்து துரத்துவதில்லை. வீட்டுப் பல்லி வாலை விட்டுத் தப்புவதைப் போல் தோட்ட ஓணானால் வாலைத் துண்டித்துக்கொள்ள இயலாது. ஆகவே சண்டையில் ஏற்படும் காயத்திற்கு அது கொடுக்கும் விலை அதிகம்.

பழகிய அண்டையிலுள்ள ஆணைக் காட்டிலும் புதிதாக வரும் அயல் ஆணிடம் மிகுந்த சினம் காட்டும் பழக்கமும் பல்லியினங்களில் உண்டு. அமெரிக்காவின் கழுத்துப்பட்டைப் பல்லிகளில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. அண்டையில் உள்ளதன் இடம் முன்பே தீர்க்கப்பட்ட வழக்கு. அயலதுடன்தான் புதிய வழக்கு.

நிறமாற்றமும் இரத்தம் பற்றிய நம்பிக்கையும்

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தோட்ட ஓணானின் தலை, தோள், உடலின் முற்பகுதி ஆகியன செம்மஞ்சளாகவோ அடர் சிவப்பாகவோ மாறும்; தொண்டையின் இருபுறமும் கரிய திட்டு தோன்றும். கருநாடகத்தின் தார்வாடு பகுதியில் இவற்றின் இனப்பெருக்கக் காலம் மே முதல் அக்டோபர் வரை என ஆய்வுகள் தெரிவிக்கின்றன. பெண்களும் இளம் ஓணான்களும் பழுப்பு அல்லது சாம்பல் நிறத்திலேயே இருக்கும். தோலிலுள்ள நிறமி உயிரணுக்களில் கரு நிறமி பரவும்போது உடல் கறுத்தும், அது ஒடுங்கும்போது அடியிலுள்ள மஞ்சளும் சிவப்பும் வெளிப்பட்டும் தோன்றுகின்றன. இம்மாற்றம் நிமிடங்களில் நிகழ்ந்துவிடும்.

இச்சிவப்பே ஓணானுக்குப் பெரும் பழியைத் தேடித்தந்தது. ஓணான் தொலைவிலிருந்தே மனிதனின் இரத்தத்தை உறிஞ்சும், அதனாலேயே அதன் கழுத்து சிவக்கிறது என்னும் நம்பிக்கை தமிழகச் சிற்றூர்களில் பரவலாக உண்டு. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்களும் இதனை 'இரத்தம் உறிஞ்சி' என்னும் பொருள்பட அழைத்தனர். அப்பெயர் அறிவியல் இதழ்களிலும் இடம்பெற்றது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1931 இல் ஆசானா இவ்வினத்தைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலும் அது உள்ளது. இந்நம்பிக்கைக்கு எவ்வித அடிப்படையும் இல்லை. ஓணானின் உணவு எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளே. சிறு பல்லிகளையும் சில வேளைகளில் உண்ணும். அதற்கு நஞ்சும் இல்லை.

இராமருக்கு அணில் உதவியது, ஓணான் அவரை அவமதித்தது என்று சிறுவர்களிடையே வழங்கும் கதையும் இதனுடன் சேர்ந்துகொண்டது. இவற்றின் விளைவாக, ஈர்க்கின் நுனியில் சுருக்கிட்டு ஓணானைப் பிடிப்பதும் கல்லெறிந்து கொல்வதும் குற்றமாகவே கருதப்படாத விளையாட்டாக நெடுங்காலம் இருந்துவந்தது. (களத்தில் பல்லிகளைப் பிடிக்க ஆய்வாளர்களும் கோலின் நுனியில் கட்டிய சுருக்கையே பயன்படுத்துகின்றனர், அளந்தபின் விட்டுவிடுகின்றனர்.) எறியப்படும் கல்லுக்கு முதலில் இரையாவது, மிக உயரத்தில், மிகச் சிவந்து, மிகத் துணிந்து அமர்ந்திருக்கும் ஆணே. அதாவது அவ்விடத்தைக் காத்துவந்த ஓணானே. பல்லிகளில் நடத்தப்பட்ட சோதனைகளில், ஆட்புலத்திலிருந்து ஓர் ஆண் அகற்றப்பட்டால் அவ்விடத்தை மற்றோர் ஆண் விரைவில் கைக்கொள்வது காணப்பட்டுள்ளது. ஆகவே கல்லெறிவதால் வேலி ஓணானற்றதாகிவிடுவதும் இல்லை. முன்பே தீர்ந்திருந்த எல்லை வழக்குகள் மீண்டும் தொடங்குவதே மிச்சம்.

ஆட்புலத்தின் செலவு

ஓர் ஆட்புலத்தினால் கிடைக்கும் பயன், அதனுள் வாழும் பெண்களுடன் இணையும் வாய்ப்பாகும். பெண் தோட்ட ஓணான் மண்ணில் குழி தோண்டி, பெரும்பாலும் 10 முதல் 20 வரையிலான முட்டைகளை இட்டு மூடிவிடும். முட்டைகளையோ குஞ்சுகளையோ ஆண் பேணுவதில்லை.

செலவோ பெரிது. சிவந்த நிறம் பெண்ணுக்குத் தெரிவதைப் போலவே காக்கைக்கும் வல்லூறுக்கும் பூனைக்கும் தெரியும். காவலில் கழியும் நேரம் உண்ணுவதற்குரிய நேரத்திலிருந்து குறைகிறது. இச்செலவைத் தெளிவாக அளந்து காட்டியவர்கள் கேத்தரின் மார்லரும் மைக்கேல் மூரும் ஆவர். அமெரிக்காவின் அரிசோனா மலைகளில் வாழும் முட்செதில் பல்லிகளின் ஆண்களுக்கு, சினம் தணிந்திருக்கும் பருவத்தில், டெஸ்டோஸ்டிரோன் இயக்குநீரைத் தோலின் கீழ் பதித்து, அவற்றைத் தம் இடங்களிலேயே விட்டுவிட்டனர். அவை மிகுதியாகச் சுற்றித் திரிந்தன, மிகுதியாகச் சைகை காட்டின, குறைவாக உண்டன. மற்றவற்றைவிட அதிக அளவில் மாண்டன. இது 1988 இல் வெளியானது. பின்னர் 1991 இல் வெளியான ஆய்வில், அத்தகைய ஆண்களுக்குக் கூடுதல் இரை அளிக்கப்பட்டபோது அவற்றின் இறப்பு குறைந்தது. ஆகவே அவற்றைக் கொன்றது சண்டை அன்று, காவலுக்குச் செலவான ஆற்றலே என்பது புலனாயிற்று.

தென்னிந்தியாவின் பிற இனங்கள்

பாறை ஓணான் (சம்மோபிலஸ் டார்சாலிஸ்) தென்னிந்தியக் குன்றுகளில் வாழ்வது. ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷி வேலிப் பகுதியில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீகாந்த் தேவ்தரும் கவிதா ஈஸ்வரனும் இவற்றைத் தனித்தனியே அடையாளமிட்டு வாழ்நாள் முழுதும் தொடர்ந்தனர். பெரும்பாலான ஆண்கள் ஒரேயோர் இனப்பெருக்கக் காலத்தையே காண்கின்றன. அடுத்த ஆண்டு என்பது அவற்றுக்கு இல்லை. உடல் பெரிய ஆண்கள் உயர்ந்த பாறைகளில் அமர்வதைத் தார்வாடு கருநாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 இல் பதிவு செய்தனர். மேலும், ஆண் பாறை ஓணான் இரண்டு வெவ்வேறு வண்ணக் கோலங்களைக் கொண்டது. பெண்ணின் முன் அதன் முதுகு சிவந்தும் பக்கங்கள் கறுத்தும் இருக்க, மற்றோர் ஆணின் முன் முதுகு மஞ்சளாகவும் பக்கங்கள் செம்மஞ்சளாகவும் மாறுகின்றன. இதனை அனுராதா படப்யால், மரியா தாக்கர் ஆகியோர் 2017 இல் விளக்கினர்.

விசிறித்தொண்டை ஓணான்கள் மணற்பாங்கான வெளிகளில் வாழும் சிறிய ஓணான்கள். ஆண்கள் ஒரு கல்லின் மீதேறித் தொண்டையிலுள்ள மடிப்பை விசிறிபோல் விரித்து மூடும். நெடுங்காலமாக இவை அனைத்தும் புதுச்சேரியின் பெயரால் அமைந்த சித்தானா பாண்டிசெரியானா என்னும் ஒரே இனமாகக் கருதப்பட்டன. 2016 இல் இவை பல இனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, தமிழகத்தில் வாழும் ஓர் இனத்திற்கு 'விசிறி' என்ற தமிழ்ச் சொல்லே அறிவியல் பெயராக அமைந்தது. அதே ஆண்டில் தென் தமிழகத்திலிருந்து விவரிக்கப்பட்ட மற்றோர் இனம் 'மருதம்நெய்தல்' எனப் பெயரிடப்பட்டது.

வீட்டுப் பல்லிகள் இரவில் இயங்குபவை. நிறம் அவற்றுக்கு அதிகம் பயன்படாது. எனவே அவை ஒலியைப் பயன்படுத்துகின்றன. ஆண் பல்லி தொடர்ச்சியாக எழுப்பும் 'டிக் டிக்' ஒலி, தன் இடத்தை அறிவிக்கும் அழைப்பாகும். பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் வழக்கம் உள்ள நாட்டில், பல்லி ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்பது மட்டும் மெய்யே. சொல்லப்படுவது மற்றொரு பல்லிக்கு.

ஆட்புலக் கருத்தின் மீதான ஐயங்கள்

ஒரு கருத்து நூல்களில் நிலைபெற்றுவிட்டால், அதற்கு ஒவ்வாத காட்சிகள் விதிவிலக்குகளாக ஒதுக்கப்பட்டுவிடும் இடர் உண்டு. பல்லிகளின் ஆட்புலம் பற்றிய கருத்தும் அவ்வாறே ஆயிற்று என அம்பிகா காமத், ஜொனாதன் லோசோஸ் ஆகியோர் 2017 இல் வாதிட்டனர். அமெரிக்காவின் அனோல் பல்லிகளைப் பற்றிய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் கால ஆய்வுகளை அவர்கள் மீள வாசித்தனர். 1930களில் சிறு கூண்டுகளிலும் சிறு நிலத்துண்டுகளிலும் செய்யப்பட்ட கவனிப்புகளிலிருந்து, ஓர் ஆண் ஓர் இடத்தைக் காத்து அதனுள் உள்ள பெண்களுடன் மட்டுமே இணைகிறது என்னும் படம் உருவானது. பின்வந்தோர் அதனை மெய்யெனக் கொண்டு தம் ஆய்வுகளை வடிவமைத்தனர். சிறு இடத்தில் சிறிது காலம் மட்டுமே பார்த்தால், எல்லை கடந்து செல்லும் பல்லி பார்வையிலிருந்தே மறைந்துவிடும். 2018 இல் வெளியான அவர்களது ஆய்வு, புளோரிடாவில் அடையாளமிட்ட பல்லிகளை நெடிது தொடர்ந்தது. ஆண்கள் இடம் மாறுவதும், பெண்கள் பல ஆண்களைச் சந்திப்பதும், அவற்றின் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தந்தையர் இருப்பதும் அதில் தெரியவந்தன.

ஜூடி ஸ்டாம்ப்ஸ் கிரெனடாத் தீவில் இளம் அனோல் பல்லிகளிடம் கண்ட செய்தியும் இங்கு பொருந்தும். ஆட்புலம் காக்கும் பல்லிகள் ஒன்றையொன்று வெறுத்து விலகிச் செல்லும் என எதிர்பார்க்கலாம். ஆனால் இடம் தேடும் இளம் பல்லி, பிற பல்லிகள் ஏற்கெனவே குடியேறிய இடத்தின் அருகையே விரும்புவதை அவர் 1988 இல் காட்டினார். அயலவர் இருப்பது அவ்விடம் வாழத்தக்கது என்பதற்குச் சான்று. புதிய மனைப்பிரிவில் நாலு வீடு வந்தபின் மனை வாங்குவோரின் கணக்கும் இதுவே.

அனோல் பல்லிகள் ஓணானின் நெருங்கிய உறவினர் அல்ல. ஆகவே அம்முடிவுகளை அப்படியே தோட்ட ஓணானுக்குப் பொருத்துவது சரியாகாது. ஆயினும் வேலியில் அமர்ந்துள்ள ஒரு சிவந்த ஓணானைக் கண்டவுடன் அவ்வேலி முழுவதும் அதனுடையது என முடிவு செய்வதற்கு முன் அது அளக்கப்பட வேண்டும்.

இட நெருக்கடியின் விளைவு

ஆட்புலம் சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மகாராட்டிர மாநிலம் சாதாரா மாவட்டத்திலுள்ள சால்கேவாடி மேட்டுநிலம் ஒரு சான்று. அங்கு நிறுவப்பட்ட காற்றாலைகளின் அருகே கொன்றுண்ணிப் பறவைகள் ஏறத்தாழ நான்கு மடங்கு குறைந்திருந்தன. அதனால் அங்குள்ள விசிறித்தொண்டை ஓணான்கள் (சராடா சுபெர்பா) பெருகின. மரியா தாக்கர், அமோத் சாம்ப்ரே, ஹர்ஷல் போசலே ஆகியோர் 2018 இல் வெளியிட்ட இவ்வாய்வின்படி, எதிரிகள் குறைந்ததால் அவ்வோணான்களின் அச்சம் குறைந்திருந்தது. ஆனால் நெருக்கத்தால் போட்டி மிகுந்து அவை மெலிந்திருந்தன, ஆண்களின் தொண்டை வண்ணமும் மங்கியிருந்தது. எதிரி இல்லாத இடம் நல்ல இடம் என்று கூறிவிட முடியாது என்பது இதனால் தெரிகிறது.

பெங்களூரின் புறநகரில் வாழும் பாறை ஓணான்கள், பாதுகாப்பான ஒளிவிடத்தைச் சிற்றூர்ப்புற ஓணான்களைவிட விரைவில் கற்றுக்கொள்வதாக 2019 இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நகர வளர்ச்சியை ஓணான்கள் ஓரளவு சமாளிக்கின்றன என்றே கொள்ள வேண்டும். நெமிலிச்சேரி போன்ற இடங்களில் உயிர்வேலி போய்ச் சுற்றுச்சுவர் வரும்போது இருக்கை போவதில்லை. சுவர் நல்ல இருக்கையே. போவது புதரும் மண்ணும். முற்றம் முழுவதும் சிமெண்ட் இடப்பட்ட வீட்டின் சுவரில் ஓர் ஆண் சிவந்து தலையாட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் பெண் ஓணான் முட்டையிடத் தோண்டும் மண் அங்கு இல்லையெனில், அது காப்பது வெற்றிடத்தை.

கவனிக்கும் முறை

மாணவர்கள் ஓணானைப் பிடிக்காமலேயே அதன் நடமாட்டப் பரப்பையும் ஆட்புலத்தையும் கண்டறியலாம். காலை வெயில் ஏறிய பின் ஒரு மணி நேரம் போதுமானது. இடத்தின் வரைபடம் ஒன்றைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, தூண், மரம், கல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓணானைப் பக்கவாட்டில் நிழற்படம் எடுத்தால், முதுகுமுள்ளின் முறிவு, வாலின் நீளம், செதில்களின் வடு ஆகியவற்றைக் கொண்டு தனி ஓணானை மறுநாளும் அடையாளம் காணலாம். நிறத்தை மட்டும் கொண்டு அடையாளம் காண்பது பிழையாகும். அது நொடியில் மாறக்கூடியது.

ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஓணான் இருக்கும் புள்ளியைக் குறித்து, பல நாட்களின் புள்ளிகளுள் வெளிப்புறமாக உள்ளவற்றை இணைத்தால் கிடைக்கும் குவிப் பலகோணமே நடமாட்டப் பரப்பு ஆகும். ஒரே ஒரு தொலைதூரப் பயணம் இப்பலகோணத்தை மிகவும் பெரிதாக்கிவிடும் என்பதால், அத்தகைய புள்ளிகளைத் தனியே குறிப்பது நல்லது. அவற்றை அழித்துவிடக் கூடாது. தலையாட்டல், துரத்தல், நிறமாற்றம் ஆகியவை நிகழ்ந்த புள்ளிகளை வேறு வண்ணத்தில் குறிக்க வேண்டும். மற்றோர் ஆண் துரத்தப்பட்ட புள்ளிகள் எங்கு செறிந்துள்ளனவோ அதுவே ஆட்புலம். சில ஓணான்களுக்கு அப்படியொரு செறிவு தென்படாமலும் போகலாம். அதுவும் பதிவு செய்யத்தக்க முடிவே ஆகும்.